பற்றவைக்காத கீல்

தெருமுனையில் காவல் நிலையத்தார் ஒரு பலகை நட்டுவைத்தார்கள். இந்தப் பகுதியில் குற்றங்கள் சென்ற ஆண்டைவிடப் பாதியாகக் குறைந்துவிட்டன என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நட்ட வாரமே பலகையைத் தாங்கி நின்ற இரும்புக் குழாய்களை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பலகைக்கு விலை கிடைக்காது என்று திருடனுக்கும் தெரிந்திருக்கிறது. அனாதையாகக் கிடந்ததைப் பால் பூத்துக்காரர் இழுத்துவந்து, காலி டிரேக்களுக்கு வெயில் மறைப்பாகச் சாய்த்து வைத்துக்கொண்டார்.

குற்றம் குறைந்ததோ கூடியதோ, வெல்டருக்கு வேலை குறையவில்லை. ஒரு வீட்டில் மிதிவண்டி காணாமல் போனால் அக்கம்பக்கமெல்லாம் கேட் கேட்கும். ஒரு ஜன்னல் வழியாகக் கை நுழைந்து செல்போனை எடுத்துவிட்டால் தெரு முழுக்க கிரில் வேண்டும். பூத்தில் டீ குடித்துக்கொண்டே அவர் சொல்லுவார்:

"நமக்கு முதலாளி யாரு? திருடன்தான்யா. அவன் ஒரு ராத்திரி உழைச்சா நான் ஒரு மாசம் உழைக்கிறேன். அவனுக்குத்தான் லீவே கெடையாது, பாவம்."

எல்லோரும் சிரிப்பார்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவன் புரையேறும்வரை சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொள்வாள்.

"திருடு கொடுத்தவ வயிறெரிஞ்சு நிக்கறா, நீங்க அங்க போய் ஜோக்கடிக்கறீங்க."

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"உள்ளதைச் சொல்லியே ஒரு நாளைக்கு உதை வாங்கப் போறீங்க."

தெருவில் அவளுக்குப் பிரைமரக்கா என்று பேர். அவர் பற்றவைத்துத் தருகிற இரும்புக்கெல்லாம் துருப்பிடிக்காமல் இருக்கச் செங்காவி பிரைமர் அடிப்பது அவள் வேலை. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் சிவப்பு போகாது. சோறு பிசைந்தால் சோற்றிலும் அந்த வாசனை அடிக்கும். கல்யாணமான புதிதில் அதற்காக அழுதிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது, எல்லாமும் பழகுவது போல.

வீடு என்பது ஓர் அறையும் சமையலறையும். முன்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. பின்பக்கம் அடுத்த கட்டடத்தின் சுவர் ஒட்டிக்கொண்டு நின்றது, அதனால் போக வர ஒரே வாசல்தான். மரக்கதவு மழைக்கு ஊதித் தாழ்ப்பாள் கழன்றுபோய் வெறுமனே சாத்திக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு கிரில் கதவு. பார்த்தால் சிறைக்கதவு மாதிரி இருக்கும். புது வாடிக்கைக்காரர்களை அதன் முன்னால் நிறுத்தி, "யானை வந்து முட்டினாலும் அசையாது" என்பார் வெல்டர்.

யானை முட்ட வேண்டியதே இல்லை, அடியில் கை கொடுத்து மேலே தூக்கினால் போதும். கீல்களின் முளையில் கதவைத் தொங்கவிட்டதோடு சரி. தூக்கினாலும் கழலாதபடி முளையின் தலையில் ஒரு சொட்டு பற்றவைக்க வேண்டும். ஊரார் கதவுக்கெல்லாம் முதலில் அதைத்தான் செய்வார். சொந்தக் கதவுக்கு மட்டும், நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடம் ஓடிவிட்டது.

"ஊருக்கெல்லாம் காவல், நம்ம வீடு திறந்த வீடு. ரெண்டு சொட்டு வைக்க உங்களுக்கு நேரமில்ல."

"நம்ம வீட்ல என்னடி இருக்கு, எடுத்துட்டுப் போக?"

"நான் இருக்கேன்."

"உன்னைத் தூக்கிட்டுப் போறவன் மறுநாளே கொண்டுவந்து விட்டுட்டு மன்னிப்பும் கேட்டுட்டுப் போவான்."

கதவு தொங்கல் கதவு என்பது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன வாரம்தான் அந்தச் சிரிப்பெல்லாம் நின்றது. வெல்டரின் தங்கை அடுத்த வீட்டில் இருந்தாள். காலையில் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளின் காதுத் தோட்டை, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒருவன் எட்டிப் பிடித்து இழுத்தான். தோடோடு காதுமடலும் கிழிந்து வந்தது. குடம் நிறைய ரத்தம். வெல்டர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவருடைய சட்டைக் காலருக்குள் ரத்தம் இறங்கியிருந்தது. தையல் போட்டார்கள். காது இனி பழையபடி வராது என்றார்கள். காவல் நிலையத்தில், வண்டி எண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அறுந்த காதைப் பிடித்துக்கொண்டு எவள் எண் பார்ப்பாள்?

அன்றைக்கே தெரு கூடியது. யாராவது கள்ளனைக் கண்டால் தட்டைத் தட்டுவது. தட்டுச் சத்தம் கேட்டதும் தெருவின் இரண்டு முனைக் கேட்டையும் பூட்டுவது. அப்புறம் போலீசும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம் என்றான் வேன்காரன். கேட்டுகள் இரண்டும் வெல்டர் செய்தவைதான். பட்டறையில் மிச்சம் கிடந்த கம்பிகளை முழங்கை நீளத்துக்கு வெட்டி, வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். துருப்பிடித்த கம்பி கையைக் கிழிக்கும் என்று அவள்தான் எல்லாவற்றுக்கும் பிரைமர் அடித்துக் காயவைத்தாள். எதற்கு என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. இரும்பு வந்தால் அவள் கை தானாகச் சிவப்பை எடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். மழை வரப்போகிற புழுக்கம், ஆனால் வராது. அவள் வாசலில் உட்கார்ந்து ஒரு ஜன்னல் கிரிலுக்குப் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே உலையில் அரிசி கொதித்தது. வெல்டர் பட்டறைப் பெஞ்சில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

தெருவின் அந்தக் கோடியில் தட்டுச் சத்தம் எழுந்தது. ஒன்று, பத்து, பிறகு தெருவே பாத்திரக் கடையாக அலறியது. இரண்டு கேட்டும் இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

ஒல்லியான ஆள். நீலச் சட்டை, ஒரு காலில்தான் செருப்பு. அந்த முனைக்கு ஓடினான், கேட்டைப் பிடித்து உலுக்கினான், திரும்பி இந்த முனைக்கு ஓடிவந்தான். வேன்காரன் குறுக்கே கால் நீட்டினான். முகம் தரையில் அடித்து விழுந்தவனைச் சுற்றிக் கம்பிகள் எழுந்தன.

"இவன்தான்! இவன்தான் அன்னைக்கு!" என்று மாடியிலிருந்து கத்தினாள் நாத்தனார், காதில் கட்டோடு.

முதல் அடி வெல்டருடையது, தோளில். எலும்பு உடைகிற சத்தத்தை அவள் கேட்டாள். விறகு முறிகிற சத்தம்தான், வேறில்லை. அடுத்தது முழங்காலில். யாரோ முதுகில் போட்டார்கள், யாரோ விரல்களை மிதித்துத் திருகினார்கள். அவன் அலறி, உருண்டு, அவள் காலடியில் பிரைமர் டப்பாவின் மேல் வந்து விழுந்தான். டப்பா கவிழ்ந்தது. எது பெயிண்ட், எது ரத்தம் என்று தெரியவில்லை.

வெல்டர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கினார். கண் குறி பார்த்தது தலையை.

அந்த முகத்தை அவள் முன்பின் பார்த்ததில்லை. இத்தனை வருடம் அருகில் படுத்து எழுந்த முகம் அது இல்லை.

அவள் என்ன செய்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. கையிலிருந்த பிரஷைப் புருஷன் முகத்தில் வீசினாள். அவர் கண்ணைத் துடைக்கிற நேரத்தில், விழுந்தவனைச் சட்டைக் காலரில் பிடித்து வாசற்படி தாண்டி உள்ளே இழுத்தாள். கிரில் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகினாள். மரக்கதவையும் சாத்திக் கட்டிலை இழுத்து முட்டுக் கொடுத்தாள்.

வெளியிலிருந்து கல் வந்து ஜன்னலில் விழுந்தது.

"தண்ணி" என்றான் அவன்.

சொம்பில் கொடுத்தாள். பாதி வாயில் போயிற்று, பாதி ரத்தத்தோடு வெளியே வந்தது.

"அந்தக் காது நீ இழுத்ததுதானா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல முழித்தான்.

"கேக்கறேன்ல?"

"...ஆமா."

அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். கை வலித்தது அவளுக்கு. மறுபடி அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

"இப்போ எதுக்குடா வந்த? ஒரு காது போதலையா?"

"பைக்கு... பூட்டாம நின்னுச்சு. அதைத் தள்ளிட்டுப் போகத்தான்..."

"பிரைமரக்கா!" வெளியே வேன்காரன் குரல். "திறங்க. உங்க மேல எங்களுக்குக் கோவமில்ல. அவனை மட்டும் வெளிய தள்ளுங்க."

"போலீசைக் கூப்பிடு. அவங்க வந்தா திறக்கறேன்."

"போலீசு கிழிச்சாங்க! காலைல புடிச்சா சாயங்காலம் விட்டுருவாங்க."

"அண்ணி!" நாத்தனார் கீழே இறங்கி வந்துவிட்டாள். "என் காதைப் பிச்சவனுக்கு நீ காவலா? நீயெல்லாம் மனுஷியா?"

தினமும் காலையில் அந்தக் காதுக்கு மருந்து வைத்துவிடுகிறவள் அவள்தான். எப்படிச் சொல்லுவாள்?

கதவின் இடுக்கில் புருஷன் குரல் கேட்டது. பக்கத்தில் நின்று, மெதுவாக.

"இந்தா. திற. நான் பாத்துக்கறேன்."

"திறக்க மாட்டேன்."

"என் தங்கச்சிடி அவ."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? இந்த நாய்க்காகவா?"

"இவனுக்காக இல்லைங்க. இவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன? நீங்க மண்டைக்கு ஓங்கினீங்க. நான் பாத்தேன்."

கிரிலில் அவர் கைக்கம்பி உரசுகிற சத்தம் கேட்டது.

"அது நான் பிரைமர் அடிச்ச கம்பிங்க. அதால ஒருத்தனைக் கொன்னுட்டு வந்து எங்கிட்ட சோறு கேப்பீங்களா? நான் போடுவேனா?"

அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. துருத்தி மாதிரி இழுத்து இழுத்து விட்டார். சாதாரணமாக அவளிடம் வாக்குவாதத்தில் அவர் தோற்றதே இல்லை, கேலி செய்தாவது ஜெயித்துவிடுவார்.

பின்னால் யாரோ சொன்னார்கள்: "என்ன அண்ணே, குசுகுசுன்னு பேச்சு?"

"புருஷனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டு ஆடறாங்களோ என்னவோ" என்றான் வேன்காரன். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே அதில் ருசி தட்டிவிட்டது. "ஆமா, இந்தத் தெருவுல எந்த வீட்டுல எந்தப் பூட்டு, எந்த ஜன்னல் லொடலொடன்னு யாருக்குத் தெரியும்? திருட்டு நடந்தா யாருக்கு ஆர்டர் வருது?"

"டேய், என்ன பேச்சு பேசற?" என்றார் பால் பூத்துக்காரர். "அவர் தங்கச்சி காதுடா போச்சு."

"நான் சொல்லல, அவரே சொன்னார். திருடன்தான் என் முதலாளின்னு. நீங்களும்தானே கேட்டுச் சிரிச்சீங்க?"

யாரும் சிரிக்கவில்லை இப்போது.

"வேலியே பயிரை மேயுது" என்று ஒரு குரல்.

"அதான் மொதலாளியை உள்ள வச்சுப் பூட்டிட்டா."

"ரெண்டு பேரையும் சேத்து இழுங்கடா வெளிய!"

கடப்பாரை ஒன்று எங்கிருந்தோ வந்தது. பூட்டைத்தான் முதலில் அடித்தார்கள், பூட்டு அசையவில்லை. பிறகு கதவின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். மரக்கதவின் இடுக்கு வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரில் கதவு கீலில் ஓர் அங்குலம் எழும்பித் திரும்ப உட்கார்ந்தது.

இன்னொரு நெம்பு. அவ்வளவுதான்.

எழும்பியதை அவரும் பார்த்துவிட்டார். இடுக்கு வழியாக அவருடைய ஒரு கண் அவளைப் பார்த்தது. இமையில் சிவப்பு பிரைமர் ஒட்டியிருந்தது.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினார். "கடப்பாரைக்கு அசையற கதவா இது? யானை முட்டினாலும் அசையாது. எடு அதை. நான் வெட்டித் தரேன்."

"வெட்டு, பாக்கலாம்" என்றான் வேன்காரன்.

"கட்டிங் வீல் தீர்ந்துபோச்சு. வெல்டிங் குச்சியிலதான் கீலை உருக்கி எடுக்கணும். தள்ளி நில்லுங்க எல்லாரும். வெளிச்சத்தைப் பாத்தா கண்ணு போயிடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கூட்டம் விலகியது. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்து இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியது போல அரற்றாதவர் அந்தத் தெருவில் இல்லை. முதுகைக் காட்டி நின்றார்கள்.

அவள் சுவரில் சாய்ந்தாள். பட்டறையில் மிஷின் உறும ஆரம்பித்தது. இழுத்துவரும் கேபிளின் சரசரப்பு. சரி, தோற்றாயிற்று. கட்டின புருஷனே வந்து கதவை வெட்டுகிறார். தரையில் கிடந்தவனுக்கும் புரிந்தது. கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போக முயன்று, தோள் விடாமல், அம்மா அம்மா என்று முனகினான். கதவிடுக்கில் நீல வெளிச்சம் வெட்டியது.

சத்தம் கேட்டது. அவள் தலை நிமிர்ந்தாள்.

உருக்கி வெட்டினால் ஈர விறகு வெடிப்பது போலப் படபடவென்று துப்பும். இது துப்பவில்லை. எண்ணெய் நிதானமாகப் பொரிகிற மாதிரி ஒரே சீராகக் கேட்டது. இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் பிரைமர் அடித்திருக்கிறாள். அவர் வெட்டவில்லை. பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

மேல் கீல், பிறகு கீழ்க் கீல். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. பூட்டுப் பக்கம் நகர்ந்து, கதவுச் சட்டத்தை நிலைச் சட்டத்தோடு சேர்த்து, மேலிருந்து கீழே கோடாக இழுத்துக்கொண்டே வந்தார். எதற்கு அது என்று அவளுக்குப் புரியவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணே?"

"ஆச்சு, ஆச்சு. அவசரப்பட்டா வேலை கெட்டுப்போகும்."

மிஷின் நின்றது. அவர் குச்சிப் பிடியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னாச்சு? கழண்டுச்சா?" வேன்காரன் கதவைப் பிடித்து இழுத்தான், சுட்ட கையை உதறினான், குனிந்து பார்த்தான். அவனும் அந்தத் தெருவில் பிறந்தவன்தானே. பற்றவைத்த இரும்புக்கும் வெட்டின இரும்புக்கும் வித்தியாசம் தெரியாதா?

"டேய், ஒட்டி வச்சுட்டான்டா!"

"ஆமா, ஒட்டிட்டேன்" என்றார் வெல்டர். "இனிமே போலீசு வந்து வெட்டித்தான் எடுக்கணும். போய்க் கூப்பிடுங்க."

அடுத்த சத்தம் கம்பி எலும்பில் விழுந்த சத்தம்.

அவள் கட்டிலைத் தள்ளி மரக்கதவைத் திறந்தாள். கிரில் கம்பிகளுக்கு இடையில் எல்லாம் தெரிந்தது. அவரைச் சுற்றி அதே செங்காவிக் கம்பிகள், அவள் அடித்து, அவள் காயவைத்து, அவள் எடுத்துக் கொடுத்தவை. மண்டியிட்டார். தலையை மறைத்த வலது கையின் மேல் ஒன்று விழுந்தது, பிறகு அதே இடத்தில் இன்னொன்று. மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் மடங்கித் தொங்கியது. வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது. நாத்தனார் கூட்டத்தில் புகுந்து, "அய்யோ அண்ணனை விடுங்கடா!" என்று அலறி, முழங்கை பட்டுத் தூரப் போய் விழுந்தாள்.

"விடுங்கடா! அவரை விடுங்கடா! இவனைத் தரேன், இந்தாங்க!"

அதைச் சொன்னது அவள்தான். ஓடிப்போய்த் தரையில் கிடந்தவனைக் காலைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருடா. போடா வெளிய. போடா!" உடைந்த தோளோடு அவனைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தாள். அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். அந்த விரல்களை அவளே மிதித்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து எறிந்து கதவைத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள். காலால் உதைத்தாள். வெல்டிங் சூடு புடவையைப் பொசுக்கியது. யானை முட்டினாலும் அசையாத கதவாக இருந்தது அது.

போலீசைக் கூப்பிட்டது பால் பூத்துக்காரர். ஜீப் சத்தம் கேட்டதும் கூட்டம் கரைந்தது. கம்பிகளெல்லாம் தெருவில் கிடந்தன, எது யார் வீட்டுக் கம்பி என்று யாரும் சொல்லப்போவதில்லை. இரண்டு காவலர்கள் கட்டிங் மிஷின் கொண்டுவந்து கதவை அறுத்தார்கள். "எவன்யா பத்தவச்சது இதை? வீல் தேயுது, இது தேய மாட்டேங்குது" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். திறந்ததும் திருடனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் இருந்தது. போகும்போது அவளைப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் தெருமுனைக் கேட்டைத் தாண்டி வர முடியவில்லை. அதில் ஆள் நுழைகிற சின்னக் கதவை மட்டும்தான் காவலர்கள் உடைத்துத் திறந்திருந்தார்கள், பெரிய கதவின் சாவி யாரிடம் என்று அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. பால் பூத்துக்காரர் டிரேக்களைத் தள்ளிவிட்டு அந்தப் பலகையைத் தூக்கி வந்தார். அதன் மேல்தான் வெல்டரைக் கிடத்தினார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடங்கிய கையைத் தொடப் பயந்து, சட்டையைத் தொட்டாள்.

"அவன் இருக்கானா?" என்றார். வார்த்தை குழறியது.

"இருக்கான்."

"கீலைப் பத்தவச்சாச்சு. இனிமே நீ குறை சொல்லக் கூடாது."

"ஒரு வருஷமா கத்தினேன். இன்னைக்குத்தான் உங்களுக்கு நேரம் கெடைச்சுதா?" அவர் வாயோரத்து ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நான் அவனை வெளிய தள்ளப் பாத்தேங்க. திறந்துடத்தான் பாத்தேன்."

"தெரியும்." ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். "எனக்கு அடி விழுந்தா நீ திறந்துடுவேன்னு தெரியும். அதான் பூட்டுப் பக்கமும் சேத்து வச்சேன்."

காதுக்கட்டு அவிழ்ந்து தொங்க, நாத்தனார் வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். "தூக்கு அண்ணி" என்றாள்.